கடனை மாற்ற அபராதம் இல்லை, வரி உண்டு

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி நான்கு தடவையாகக் குறைத்து, அதே ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு ஒன்றேகால் சதவீதம் சின்ன விஷயமே இல்லை. ஆனால் அந்தக் குறைப்பு எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் வந்து சேரவில்லை. ஒரே அடுக்குமாடியில் ஒரே அளவு வீடு வாங்கி, ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்கு எட்டு சதவீதத்துக்குக் கீழேயும் இன்னொருவருக்கு ஒன்பதுக்கு மேலேயும் வட்டி ஓடுவது இன்றும் நடக்கக்கூடியதே. இரண்டாமவர் தவணை தவறியவராக இருக்க வேண்டியதில்லை. பத்து வருடமாக ஐந்தாம் தேதி பிறந்தால் கணக்கில் பணம் வைத்திருப்பவராகவே இருக்கலாம். கடனை வாங்கிய இடத்திலேயே கேள்வி கேட்காமல் விட்டுவைத்தார், அவ்வளவுதான். ‘வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, யார் தடுத்தார்கள்?’ என்று இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். கடன் கொடுத்தவர்கள் போட்டிருந்த தடை பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நீங்கிவிட்டது. மிச்சமிருக்கும் தடையில் பெரும்பங்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அதை நீக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

பழைய கடனுக்கு ஏன் வட்டி அதிகம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010 ஜூலையில், வங்கிகள் தாமே கணக்கிடும் அடிப்படை வட்டியான ‘பேஸ் ரேட்’ வந்தது. 2016 ஏப்ரலில் அதற்குப் பதிலாக ‘எம்.சி.எல்.ஆர்.’ வந்தது. 2019 அக்டோபரிலிருந்து, வங்கிகள் தனிநபருக்குக் கொடுக்கும் மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைக்க வேண்டும் என்றானது. ஒவ்வொரு தடவையும் முறை மாறியபோது புதிய கடன்கள் புதிய முறைக்குப் போயின. பழைய கடன்கள், கடன் வாங்கியவர் தானாக எழுதிக் கேட்டாலொழிய, பழைய முறையிலேயே கிடந்தன. வட்டிக் குறைப்பை வங்கிகள் வாடிக்கையாளருக்கு ஏன் கடத்துவதில்லை என்று பார்க்க ரிசர்வ் வங்கி ஜனக் ராஜ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2017-இல் சொன்னது கடுமையானது: பேஸ் ரேட்டையும் எம்.சி.எல்.ஆரையும் கணக்கிடும் விதத்தில் வங்கிகள் தம் வசதிக்கேற்பத் திருத்தங்கள் செய்துகொண்டன, அதனால் ரிசர்வ் வங்கி குறைத்தது கீழே முழுதாக இறங்கவில்லை. 2019-இன் ஆணை அதற்கான மருந்துதான். பழைய கடன்காரர் கேட்டால் நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணமின்றிப் புதிய முறைக்கு மாற்ற வேண்டும், மாறிய பின் அதே வகைப் புதிய கடனுக்கு உள்ள வட்டியையே அவருக்கும் போட வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதியே கிடையாது. அவை தமக்கென ஓர் அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கின்றன. எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது அவற்றின் விருப்பம்.

ரெப்போவோடு இணைந்த கடனாக இருந்தாலும் கதை முடிந்துவிடாது. உங்கள் வட்டி என்பது ரெப்போவும் அதன் மேல் வங்கி வைத்த கூடுதலும் சேர்ந்தது. ‘ஸ்பிரெட்’ என்று வங்கிக்காரர்கள் சொல்லும் அந்தக் கூடுதல், கடன் கொடுத்த நாளில் நிர்ணயமாவது. ரெப்போ ஏறி இறங்கும், ஸ்பிரெட் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சந்தையில் போட்டி கூடினால் வங்கி அடுத்து வருகிறவருக்கு ஸ்பிரெட்டைக் குறைத்துப் போடும், உங்களுடையதைத் தொடாது. பண்டிகைக் காலத்தில் முழுப்பக்க விளம்பரத்தில் வரும் வட்டி யாருக்கு என்று அடியில் சின்ன எழுத்தில் பார்த்தால், புதிய கடனுக்கு மட்டும் என்றிருக்கும். இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. ரெப்போ வேகமாக இறங்கும்போது லாபம் சுருங்காமல் இருக்கச் சில வங்கிகள் புதியவருக்கு ஸ்பிரெட்டைக் கூட்டும். அப்போது பழையவர் நகராமல் இருப்பதே லாபம். ஆகவே கடனை மாற்றுவது எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டியவர் மாற்ற முடிய வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த உரிமையின் அஸ்திவாரம் 2012 ஜூனில் போடப்பட்டது. அதற்கு முன் கடனை முன்கூட்டி அடைத்தால் பாக்கித் தொகையில் இரண்டு சதவீதம் வரை அபராதம் கேட்பது வழக்கம். வங்கி வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த தாமோதரன் குழு 2011-இல் இதைக் குறை கூறியது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு தேசிய வீட்டு வசதி வங்கி முந்திக்கொண்டு ஆணையிட்டது. பிறகு ரிசர்வ் வங்கி, மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அபராதம் கூடாது என்று வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அதற்கு அது சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: பழைய கடன்காரர், புதிய கடன்காரர் என்ற பாகுபாடு குறையும், வங்கிகளுக்குள் போட்டி வந்து வட்டி கூர்மையாகும். ஆணையின் நோக்கமே அதுதான். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு இது இன்னும் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனை, எந்தப் பணத்தைக் கொண்டு அடைத்தாலும், எத்தனை மாதத்தில் அடைத்தாலும் அபராதம் கிடையாது. ‘சொந்தப் பணத்தில் அடைத்தால் சரி, வேறு வங்கிக்குப் போனால் கட்டணம்’ என்று சொல்ல இனி வழியில்லை.

இந்த உரிமையைப் பயன்படுத்தினால் கிடைப்பது என்ன என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். 30 லட்சம் ரூபாய் பாக்கி, 15 வருடம் மிச்சம், வட்டி 9.25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 30,876 ரூபாய். எட்டு சதவீதத்துக்கு மாற்றி அதே 15 வருடத்தில் கட்டினால் தவணை சுமார் 28,670. மாதம் 2,200 மிச்சம், மொத்தத்தில் நான்கு லட்சத்தை நெருங்கும். தவணையைக் குறைக்காமல் பழைய 30,876-ஐயே தொடர்ந்து கட்டினால் கடன் 23 மாதம் முன்னதாக முடியும், மிச்சம் ஏழு லட்சத்தைத் தொடும். இதே கடனை மாற்றும்போது ‘தவணை இன்னும் குறையட்டும்’ என்று ஆசைப்பட்டு மறுபடி 20 வருடத்துக்குப் போட்டால் மாதம் 25,093 ரூபாய்தான் வரும். கேட்க இனிக்கும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது, மாற்றாமலே இருந்தால் கட்டியிருக்கும் தொகையைவிட நாலரை லட்சத்துக்கு மேல் கூடிவிடும். குறைந்த வட்டியில் அதிக நஷ்டம் அடையும் வித்தை இது. கடனை வேறு வங்கிக்கு மாற்றும் ‘டேக் ஓவர்’ பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் தவணைத் தொகையைத்தான் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவார்கள். வருடக் கணக்கை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மேலே ஐந்து லட்சம் டாப் அப் என்று சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் அவர்களுக்கு வழக்கம். மகள் கல்யாணத்துக்கோ வண்டிக்கோ வாங்கும் பணத்தை வீட்டுக்கடனோடு சேர்த்துப் பதினைந்து வருடம் கட்டுவதில் சேமித்தது கரைந்துபோகும்.

செலவுப் பக்கம் வருவோம். முதல் படி பழைய வங்கியில். கடன்பாக்கிக் கடிதம், அவர்கள் வசம் உள்ள பத்திரங்களின் பட்டியல், கடந்த ஒரு வருடக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை வாங்க வேண்டும். பட்டியலில் ‘தாய்ப்பத்திரம் – நகல்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், புதிய வங்கியின் வழக்கறிஞர் அசல் எங்கே என்று அங்கேயே நிறுத்திவிடுவார். பிறகு முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், மதிப்பீட்டாளர் வருகை. புதிய இடத்துக்குப் பிராசசிங் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். பழைய கடனோடு ஒரே தவணையில் பிரீமியம் வாங்கிய காப்பீடு இருந்தால் அது தொடருமா, சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவை அலைச்சல்தான், ஆனாலும் பேசிக் குறைக்கக் கூடியவை. போட்டி இருக்கும் ஊரில் பிராசசிங் கட்டணத்தையே தள்ளுபடி செய்கிறார்கள். பேச்சுக்கு இடமில்லாத செலவு ஒன்று உண்டு, அதுதான் ‘எம்.ஓ.டி.’

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அங்கீகரித்த அடமான முறை. சென்னை, கொல்கத்தா, மும்பை நகரங்களில் வணிகர்கள் எளிதாகக் கடன் வாங்கட்டும் என்று, எழுத்தோ பதிவோ இல்லாமல் பத்திரத்தைக் கொடுத்தாலே அடமானம் செல்லும்படி அமைக்கப்பட்டது அது. காலப்போக்கில் அந்த ஒப்படைப்பைக் குறிப்பாக எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. அந்தக் குறிப்புதான் எம்.ஓ.டி. தமிழ்நாடு 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அந்தக் குறிப்பைக் கட்டாயம் பதிவுசெய்ய வைத்தது. இதற்கு, கடன்தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்பு 30,000 ரூபாய். ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம், உச்சவரம்பு 6,000 ரூபாய். நம் 30 லட்சம் கடனுக்கு 15,000-மும் 6,000-மும் சேர்ந்து 21,000 ரூபாய் ஆகிறது. கடனை முதன்முதலாக வாங்கியபோது இதே கணக்கில் ஒரு தடவை கட்டியாயிற்று. இப்போது அதே வீட்டின் மேல், அதே பாக்கிக்கு, கடன் கொடுத்தவரின் பெயர் மட்டும் மாறுவதற்கு மறுபடி கட்ட வேண்டும். பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதைப் பதியும் செலவு தனி.

இந்தக் கட்டணம் யார் மேல் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் இன்னும் உறுத்தும். ஒரு கோடி ரூபாய்க் கடனை மாற்றுகிறவர் உச்சவரம்பின் புண்ணியத்தில் 36,000 ரூபாயோடு தப்புகிறார். அவருக்கு அது 0.36 சதவீதம். ஆறு லட்சம் பாக்கி உள்ளவர் 9,000 ரூபாய் கட்டுகிறார். அவருக்கு ஒன்றரை சதவீதம். எட்டு லட்சம் பாக்கி, நான்கு வருடம் மிச்சம் உள்ள ஒருவருக்கு அரை சதவீதம் வட்டி குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சேமிப்பே சுமார் 9,100 ரூபாய். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டும் 10,000. வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணுவதற்கு முன்பே அவர் நஷ்டத்தில் இருக்கிறார். ரிசர்வ் வங்கி 2012-இல் விலக்கிய அபராதத்தை வேறு பெயரில் மாநில அரசு வசூலிக்கிறது என்று சொன்னால் அதிகப்படியாகத் தோன்றலாம். கட்டுகிறவரின் பையிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு: அன்றைய அபராதம் வங்கிக்குப் போனது. இன்று கட்டணம் அரசுக்குப் போகிறது. அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும் பழையபடி வங்கிக்கே.

பதிவை நீக்கச் சொல்கிறேனா என்று பதிவுத்துறையில் உள்ளவர்கள் கேட்கலாம். அவர்களது பயத்தில் நியாயம் இருக்கிறது. பதிவு இல்லாத காலத்தில் வண்ண நகலை அசல் என்று நீட்டி ஒரே வீட்டின் மேல் இரண்டு மூன்று இடங்களில் கடன் வாங்கியவர்கள் உண்டு. பதிவு வந்த பிறகு வில்லங்கச் சான்றைப் பார்த்தாலே அடமானம் இருப்பது தெரிகிறது. வீடு வாங்குகிறவருக்கு அது பெரிய பாதுகாப்பு. பதிவு கட்டாயமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு தகவலைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை 6 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் ஒன்றுதான். புதிதாகப் பணம் கைமாறும்போது சதவீதக் கணக்கில் வாங்குவதற்கு வருவாய்க் காரணம் சொல்லலாம். டேக் ஓவரில் கடன் வாங்கியவர் கைக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை, பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகிறது. எனவே பழைய பாக்கி அளவுக்கு ஒரு நிலையான சிறு கட்டணம், அதற்கு மேல் டாப் அப் வாங்கினால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் வழக்கமான சதவீதம் என்று வைப்பதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதும் விலக்குவதும் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தனிச்சலுகை ஏற்கெனவே உண்டு. வருவாய் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: கட்டணத்துக்குப் பயந்து மாற்றாமலே இருப்பவரிடமிருந்து இன்று அரசுக்கு வருவது எவ்வளவு?

வங்கிகளின் பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதம் வேறு மாதிரி. ஒரு வீட்டுக்கடனைக் கொடுக்க ஆரம்பச் செலவு இருக்கிறது, அதைப் பல வருட வட்டியில்தான் திரும்ப எடுக்கிறோம், இரண்டாம் வருடமே வாடிக்கையாளர் கிளம்பிவிட்டால் நஷ்டம் எல்லார் தலையிலும் விழும் என்பார்கள். நிலையான வட்டிக் கடனுக்கு இது செல்லும். அங்கே வங்கி நீண்ட காலத்துக்குப் பணத்தை ஒரு விலையில் கட்டிப்போடுகிறது, அதனால்தான் ரிசர்வ் வங்கியின் தடை அதைத் தொடவில்லை. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும் அபாயம் முழுவதும் கடன் வாங்கியவர் தலையில். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50-க்கு ஏறியபோது, பல வீடுகளில் தவணையை அப்படியே வைத்துவிட்டு வருடங்களை நீட்டினார்கள். ஓய்வு பெறும் வயதைத் தாண்டிக் கடன் போனதைக் கணக்கு அறிக்கை பார்த்த பிறகே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கேட்டுச் செய்யுங்கள் என்று சொல்லும்படி ஆனது. அபாயம் வாடிக்கையாளருக்கு, ஆனால் அவர் நகரக் கூடாது என்பது ஒட்டாத வாதம். ஆரம்பச் செலவுக்குத்தான் பிராசசிங் கட்டணம் முதல் நாளே வாங்கப்படுகிறது. வாடிக்கையாளர் போய்விடாமல் இருக்க வங்கியிடம் மிக மலிவான வழியும் இருக்கிறது. வாசலில் வரும் புதியவருக்குச் சொல்லும் வட்டியை உள்ளே இருப்பவருக்கும் சொல்வதுதான் அது.

பத்திரம் தொலைந்துவிடும், திரும்பி வராது என்ற பயத்தால் நகராமல் இருப்பவர்களும் ஏராளம். அந்தப் பயத்துக்கு 2023 டிசம்பர் முதல் ஒரு பதில் இருக்கிறது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் கடன் கொடுத்தவர் தவறால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். பத்திரம் தொலைந்தாலோ சேதமானாலோ நகல் பெறும் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும்.

இதையெல்லாம் மீறி ஒரு கனமான எதிர்வாதம் மிஞ்சுகிறது. நகரும் உரிமை யாருக்குப் பயன்படும்? மாதச் சம்பளமும் நல்ல சிபில் மதிப்பெண்ணும் குறையில்லாத பத்திரமும் உள்ளவருக்கு. சம்பள ரசீது இல்லாத கடைக்காரர், கொரோனாக் காலத்தில் இரண்டு தவணை தவறியவர், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர் ஆகியோரைப் புதிய வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதிக வட்டி கட்டுபவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். முத்திரைத் தீர்வையைக் குறைத்தாலும் இவர்களுக்கு நேரடிப் பலன் குறைவு என்பதை மறுக்க முடியாது. போட்டியால் எல்லா நோயும் தீராது என்பது உண்மை. இங்கே வேலை ரிசர்வ் வங்கிக்கு. 2025 செப்டம்பர் இறுதியில் அது வெளியிட்ட திருத்தம், மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்றிருந்த ஸ்பிரெட்டின் சில பகுதிகளை அதுவரை காத்திராமல் வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைத்துக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி தந்தது. வங்கிகள் விரும்பினால் செய்யலாம், அவ்வளவே. போய்விடுவேன் என்று மிரட்டக் கூடியவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும், மிரட்ட முடியாதவருக்குக் கிடைக்காது.

இதை மாற்ற வட்டியை நிர்ணயிக்கும் சுதந்திரத்தில் ரிசர்வ் வங்கி கைவைக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் ஆணையின்படி, காலாண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு கடன்காரருக்கும் அறிக்கை தர வேண்டும். இதுவரை கட்டிய அசல், வட்டி, தவணைத் தொகை, மிச்சமுள்ள தவணைகள், வட்டி விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே அறிக்கையில், உங்கள் வட்டிக்கு நேர் கீழே, இதே தொகைக்கு, இதே மதிப்பெண் உள்ள புதிய வாடிக்கையாளருக்கு இந்த வங்கி இன்று தரும் வட்டி எவ்வளவு என்று ஒரு வரியைக் கூடுதலாக அச்சிடச் சொல்லலாம். வங்கியின் கணினியில் இரண்டு எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே முக்கால் சதவீதம் வித்தியாசம் அச்சாகி வீடு தேடி வந்தால், டேக் ஓவருக்குத் தகுதி இல்லாத கடைக்காரர்கூட அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளை மேலாளர் மேசைக்கு முன் போய் உட்கார முடியும்.